பர்மிய மொழியும் ஆங்கிலமும் எங்கெங்கே பேசுகிறார்கள்: ஒரே தாளில் ஒப்பிட்டு வரைவது எப்படி?

மயூர்விஹார்வாசி (கேள்வி)

வணக்கம். டெல்லியில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ‘உலக மொழிகள்’ என்று ஒரு கண்காட்சி வைக்கிறோம். 8, 9-ஆம் வகுப்புப் பிள்ளைகள். குழுவுக்கு இரண்டு மொழி. சீட்டுப் போட்டதில் ஒரு குழுவுக்கு விழுந்தது பர்மிய மொழியும் ஆங்கிலமும். இரண்டும் எங்கெங்கே பேசப்படுகின்றன என்று ஒரே ஏ1 தாளில் காட்ட வேண்டும்.

பிள்ளைகள் மாதிரிக்கு ஒன்று போட்டார்கள். மியான்மர் முழுக்கப் பச்சை. பிரிட்டன் ஆண்ட நாடுகளும் அமெரிக்காவும் நீலம். பார்த்தால் பழைய பேரரசுப் படம் மாதிரி இருக்கிறதே தவிர மொழிப்படமாக இல்லை. இந்தியாவுக்கு நீலம் அடிக்கலாமா கூடாதா என்பதிலேயே சண்டை முடியவில்லை. விகாஸ்புரியில் பர்மா அகதிகள் நிறையப் பேர் இருக்கிறார்களே, டெல்லியில் ஒரு பச்சைப் புள்ளி வைக்கலாமா என்று ஒரு பெண் கேட்டாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

எந்த எண்களை எடுப்பது, எப்படி வரைவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கணினியிலும் செய்யலாம், கையாலும் செய்யலாம்.

---

அட்சரேகை

நாட்டுக்கு வண்ணம் அடிப்பதை முதலில் விடுங்கள். சண்டைக்குக் காரணமே அதுதான். வண்ணம் பரப்பைக் காட்டும், ஆளைக் காட்டாது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் தாளில் பாதியை நீலமாக்கிவிடும். இரண்டிலும் சேர்த்து இருப்பவர்கள் தமிழ்நாட்டு மக்கள்தொகையை விடக் குறைவு.

நாடுகளை வெளிர்சாம்பலாக விட்டுவிட்டு, பேசுவோர் எண்ணிக்கைக்கு ஏற்ற வட்டம் போடுங்கள். ஒவ்வொரு மொழிக்கும் இரண்டு எண் வேண்டும்: தாய்மொழியாகப் பேசுவோர், இரண்டாம் மொழியாகவும் சேர்த்து மொத்தம் பேசுவோர். எத்னோலாக் என்ற உலக மொழிகள் பட்டியலின் கணக்கில் பர்மிய மொழி தாய்மொழியாக ஏறத்தாழ 3.3 கோடி, மொத்தம் 4.3 கோடி. ஆங்கிலம் தாய்மொழியாக 39 கோடியை ஒட்டி, மொத்தம் 150 கோடி. இரண்டு மொழிக்கும் ஒரே ஆதாரம், ஒரே பதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு 2010, இன்னொன்றுக்கு 2024 என்று எடுத்தால் ஒப்பீடு கெட்டுவிடும்.

வட்டத்தில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 150 என்பது 4.3-ஐப் போல 35 மடங்கு என்று விட்டத்தை 35 மடங்கு ஆக்கிவிடுவார்கள். அப்போது பரப்பு 1,200 மடங்குக்கு மேல் போய்விடும். எண்ணிக்கைக்கு ஈடாக வேண்டியது பரப்பு. விட்டம் வர்க்கமூலத்தில்தான் வளர வேண்டும். ஏ1 தாளுக்கு ஒரு கோடிக்கு 40 சதுர மி.மீ. என்று வைத்தால் சரியாக வரும். சுருக்கமான கணக்கு: கோடியில் உள்ள எண்ணின் வர்க்கமூலத்தை 7.14-ஆல் பெருக்கினால் விட்டம் மி.மீ.-இல் கிடைக்கும்.

அப்படிப் போட்டால் பர்மிய மொழிக்கு உள்வட்டம் (தாய்மொழி) 13 மி.மீ., வெளிவட்டம் (மொத்தம்) 15 மி.மீ. ஆங்கிலத்துக்கு உள்வட்டம் 45, வெளிவட்டம் 87. இந்த இரண்டு ஜோடியையும் தாளின் தலைப்புக்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். பர்மிய வட்டத்தில் வெளி வளையம் நூல் மாதிரி ஒட்டிக் கிடக்கும். ஆங்கிலத்தில் வளையம்தான் வட்டமே. பர்மிய மொழி பேசும் நாலு பேரில் மூன்று பேருக்கு அது தாய்மொழி. ஆங்கிலம் பேசும் நாலு பேரில் மூன்று பேருக்கு அது தாய்மொழி இல்லை. ஒப்பிட இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது.

இந்தியச் சண்டைக்கும் இதிலேயே விடை இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் ஆங்கிலத்தைத் தாய்மொழி என்று பதிந்தவர்கள் 2.59 லட்சம். இரண்டாவது, மூன்றாவது மொழியாகத் தெரியும் என்றவர்களையும் சேர்த்தால் 12.9 கோடி. முதல் எண்ணுக்கு விட்டம் 1 மி.மீ. சொச்சம், பால்பாயின்ட் முனை குத்தினால் வரும் புள்ளி. இரண்டாவதற்கு 26 மி.மீ. ஒரே நாட்டில் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுவிட்டால் யாரும் யாரோடும் வாதாட வேண்டியதில்லை. அமெரிக்காவில் நேர்மாறு: வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுவோர் சுமார் 24 கோடி, உள்வட்டமே 35 மி.மீ. வரும்.

நைஜீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ் மூன்றுக்கும் எச்சரிக்கையாக இருங்கள். ‘ஆங்கிலம் தெரியும்’ என்பதை ஒவ்வோர் ஆதாரமும் ஒவ்வொரு விதமாக அளப்பதால் எண் கோடிக்கணக்கில் மாறும். அந்த மூன்றுக்கும் வெளிவட்டத்தைப் புள்ளிக்கோட்டில் போடுவது நேர்மை.

---

அட்சரேகை (தொடர்ச்சி)

கணினி வேலையையும் சொல்லிவிடுகிறேன். நிலப்படம் வரையும் மென்பொருளான கியூஜிஐஎஸ் இலவசம். அடிப்படத்துக்கு நேச்சுரல் எர்த் என்ற நிலப்படக் கோப்புத் தொகுப்பு. அதில் 11 கோடியில் 1 என்ற அளவுக் கோப்பை எடுத்தால் சிங்கப்பூரே இருக்காது. மால்டா, மொரிஷியஸ், பார்படோஸ், கிரெனடா, செயின்ட் லூசியா எல்லாம் காணாமல் போகும். ஆங்கிலத்துக்கு இந்தக் குட்டித் தீவுகள்தான் முக்கியம். ஆகவே 5 கோடியில் 1, அல்லது 1 கோடியில் 1.

இந்திய எல்லையைக் கட்டாயம் பாருங்கள். பொதுக் கோப்பில் காஷ்மீர் எல்லை நம் சர்வே ஆஃப் இந்தியா படத்தோடு ஒத்துப்போகாது. 1 கோடியில் 1 அளவில் இந்திய எல்லைப்படி தனிக் கோப்பு இருக்கிறது. அதை எடுத்து, சர்வே ஆஃப் இந்தியாவின் படத்தோடு ஒருமுறை பொருத்திப் பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். பொது இடத்தில் மாட்டும் படம். தப்பாக இருந்தால் சட்டப்படியே குற்றம்.

நிலப்பட வீச்சுக்கு, அதாவது உருண்டை உலகைத் தட்டையாக்கும் முறைக்கு, மெர்கேட்டர் வேண்டாம். ஈக்வல் எர்த் என்று தேடுங்கள், குறியீடு இபிஎஸ்ஜி 8857. பரப்பைச் சிதைக்காது. உயரத்தைப் போல அகலம் இரண்டு மடங்கு சொச்சம் வரும்: 700 மி.மீ. அகலத்துக்கு 340 மி.மீ. உயரம். ஏ1 தாள் 841 x 594. மிச்சமிருக்கும் 250 மி.மீ. சொச்ச உயரத்தில் தலைப்பு, ஜோடி வட்டங்கள், அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு பெரிதாக்கிய படம் எல்லாம் அடங்கும். பெரிதாக்கிய படம் இல்லாமல் முடியாது. உலகப்படத்தில் மியான்மர் தெற்கு வடக்காக 4 செ.மீ. சொச்சம்தான் வரும். வடக்கு 9° முதல் 29°, கிழக்கு 88° முதல் 104° வரை வெட்டி, 140 x 190 மி.மீ.-க்குப் பெரிதாக்கினால் வங்கதேசத்தின் சிட்டகாங் மலைப்பகுதியிலிருந்து தாய்லாந்து வரை உள்ளே வந்துவிடும்.

குறியீட்டின் அளவைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ‘சர்ஃபேஸ்’ என்று இருப்பதைச் சொடுக்குங்கள். ‘ரேடியஸ்’ என்றால் மேலே சொன்ன 1,200 மடங்குக் கூத்துதான்.

---

கிழக்குவாசல்

வட்டக் கணக்கு பிரமாதம். பர்மியப் பக்கம் எங்கே புள்ளி வைப்பது என்பதை நான் சொல்கிறேன். எங்கே வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்து. அதுதான் பெரிய பட்டியல்.

மியான்மருக்குள்ளேயே பச்சை ஒரே சீராக இருக்காது. ஐராவதி ஆற்றுச் சமவெளி, அதாவது மண்டலேயிலிருந்து யாங்கூன் வரை, பர்மிய மொழியின் சொந்த மண். மேற்கில் ரக்கைன், தெற்கே கடலோரத்தில் தவாய், மெர்குய், இன்லே ஏரிப் பக்கம் இந்தா. இவை வட்டார வழக்குகளா தனி மொழிகளா என்று மொழியியலாளர்களிடையே கருத்து பலவிதம். சுற்றியுள்ள மலைப்பகுதிகளில் ஷான், கச்சின், சின், கரென் மொழிகள். அந்தப் பிள்ளைகள் பள்ளியில்தான் பர்மிய மொழி படிக்கிறார்கள். அட்சரேகை சொன்ன மெல்லிய வளையத்தில் இருக்கும் ஒரு கோடிப் பேர் பெரும்பாலும் இவர்கள்தான். ஆங்கிலத்தின் இரண்டாம் மொழிக்காரர்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்க, பர்மிய மொழியின் இரண்டாம் மொழிக்காரர்கள் அதே எல்லைக்குள் இருக்கிறார்கள். பெரிதாக்கிய படத்தில் சமவெளிக்கு அடர்பச்சை, மலைகளுக்குக் கோடிட்ட பச்சை போட்டால் புரியும்.

எல்லைக்கு வெளியே முதல் இடம் தாய்லாந்துக்கு. மியான்மர்த் தொழிலாளர்கள் 20 லட்சத்துக்கு மேல் என்பது பொதுவான மதிப்பீடு. வட்டம் 3 மி.மீ. சொச்சம் வரும். இரண்டு ஊர் குறியுங்கள்: எல்லையோர மே சோட் (வடக்கு 16.7°, கிழக்கு 98.6°), பாங்காக்குக்குத் தென்மேற்கே இறால், மீன் பதனிடும் ஆலைகள் நிறைந்த மகாச்சாய். இந்தத் தொழிலாளர்களில் மோன், கரென், ஷான் மக்களும் உண்டு. ஆனால் ஆலையில் ஒருவரோடொருவர் பேசுவது பெரும்பாலும் பர்மிய மொழியில். அதனால் இங்கே புள்ளி நியாயம்.

சீனாவில் யுன்னானின் ருய்லி, டோக்கியோவில் தகதனோபாபா, சிங்கப்பூரில் பெனின்சுலா பிளாசா கட்டடம், அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து ஃபோர்ட் வெய்ன். அமெரிக்காவில் பர்மிய வம்சாவளியினர் மொத்தம் 2 லட்சத்தை ஒட்டி. வட்டம் 1 மி.மீ. இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும் இடங்களுக்கெல்லாம் 3 மி.மீ. வெற்று வளையம் போட்டு, ‘அளவுக்கு உட்பட்டதல்ல’ என்று குறிவிளக்கத்தில் எழுதுங்கள். எழுதாவிட்டால் ஃபோர்ட் வெய்னும் தாய்லாந்தும் ஒன்று போலத் தெரியும்.

இனி வைக்கக் கூடாத இடங்கள். வங்கதேசத்தின் காக்ஸ் பஜார்: அங்கே ரோஹிங்யா அகதிகள் ஏறத்தாழ 10 லட்சம் பேர். ‘பர்மாவிலிருந்து வந்தவர்கள்’ என்று பெரிய பச்சை வட்டம் போட்டால் படமே பொய். ரோஹிங்யா மொழி இந்தோ-ஆரியக் குடும்பம், சிட்டகாங் வங்காளத்துக்கு நெருக்கம். பர்மிய மொழியோடு உறவே கிடையாது. டெல்லியில் காளிந்தி குஞ்ச் பக்கம் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவின் செயின்ட் பால் நகரம்: பெரும்பாலும் கரென். அந்தமானில் மாயாபந்தர் அருகே 1925 முதல் குடியேறியவர்களும் கரென்தான். மிசோரமில் சாம்பாய் பக்கம் இருப்பவர்கள் சின். அவர்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் இடையே ஓடுவது மிசோ.

விகாஸ்புரிக் கேள்விக்கு வருகிறேன். நல்ல கேள்வி கேட்ட பெண். மேற்கு டெல்லியில் விகாஸ்புரி, ஜனக்புரி, உத்தம் நகர் பக்கம் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் சின் இனத்தவர். வீட்டில் ஹாக்கா, ஃபலம், தேதிம் என்று ஆளுக்கொரு சின் மொழி. மியான்மர்ப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்களுக்குப் பர்மிய மொழி நன்றாகவே வரும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இந்தி. ஆக, கோடிட்ட வெற்று வளையம் போடலாம், ‘இரண்டாம் மொழி’ என்ற குறிப்போடு. அடர்பச்சை வேண்டாம்.

---

மயூர்விஹார்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. இந்தியாவில் அடர்பச்சைப் புள்ளிக்கு இடமே இல்லையா? மோரேயில் நம் தமிழர்களே பர்மிய மொழி பேசுவார்கள் என்று கேள்வி.

இன்னொன்று: ‘ஆட்சிமொழி’ என்று ஒரு வரிசையும் பிள்ளைகள் கேட்கிறார்கள். பிரிட்டன் ஆண்டது என்றால் ஆங்கிலம் ஆட்சிமொழி என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

கிழக்குவாசல்

மோரே மணிப்பூர் எல்லை ஊர், எதிரே மியான்மரின் தமு. பர்மாவிலிருந்து 1960-களில் வெளியேற்றப்பட்ட தமிழர்களில் சிலர் தரைவழியாகத் திரும்பிப் போகப் பார்த்து, எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே தங்கினார்கள். தமிழ்ச் சங்கம் உண்டு, அங்காள பரமேஸ்வரி கோயில் உண்டு. தமிழ், பர்மியம், மெய்தெய், இந்தி எல்லாம் கடைவாசலில் புழங்கிய ஊர். ஆனால் 2023 கலவரத்துக்கு முந்தைய விவரத்தை வைத்து இன்றைய படம் போடாதீர்கள். வளையம் போட்டு ‘வணிக மொழி’ என்று எழுதுங்கள், போதும்.

சென்னை வியாசர்பாடியில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்பதை வைத்து அங்கேயும் ஒரு புள்ளி வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். பர்மாவிலிருந்து வந்த முதல் தலைமுறைக்கு மொழி தெரியும், பேரப்பிள்ளைகளுக்கு உணவு மட்டும்தான் மிச்சம். மொழிப்படத்தில் அத்தோவுக்கு இடமில்லை.

அடர்பச்சைக்கு ஒரே வாய்ப்பு திரிபுராவின் தெற்கே வாழும் மோக் மக்கள். அவர்கள் பேச்சும், வங்கதேசத்தில் பந்தர்பன், கக்ராச்சாரிப் பகுதிகளில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கும் மார்மா மக்களின் பேச்சும் ரக்கைன் வழக்கைச் சேர்ந்தவை. எழுதுவதும் பர்மிய எழுத்தில். நான் சேர்ப்பேன்.

---

அட்சரேகை

நான் சேர்க்க மாட்டேன். எத்னோலாக் மார்மாவுக்குத் தனி மொழிக்குறியீடு கொடுத்திருக்கிறது, ரக்கைனுக்கும் தனி. நாம் எடுத்த 3.3 கோடியில் அவர்கள் இல்லை. வட்டத்தில் ஒரு கணக்கு, படத்தில் இன்னொரு கணக்கு என்றால் கூட்டிப் பார்க்கும் பிள்ளை மாட்டிக்கொள்ளும். நெருங்கிய மொழி என்று வேறு நிறத்தில் போடலாம்.

---

கிழக்குவாசல்

வேறு நிறம் சம்மதம். இளம்பச்சை. ஆனால் மியான்மருக்குள் ரக்கைனுக்கும் அதே இளம்பச்சைதான் வரவேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு நியாயம், அந்தப் பக்கம் ஒரு நியாயம் ஆகாது.

---

சட்டப்பிரிவு343

ஆட்சிமொழிக் கேள்விக்கு: எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் சாட்சி மியான்மரே. 1886-இல் முழுதாகப் பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்க்கப்பட்டு, 1937-இல் பிரிக்கப்பட்டு, 1948 ஜனவரி 4 அன்று விடுதலை. 1947 அரசியலமைப்பு பர்மிய மொழியை ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கலாம் என்று மட்டும் விட்டுவைத்தது. 2008 அரசியலமைப்பின் 450-ஆம் பிரிவில் மியான்மர் மொழி மட்டும்தான். காமன்வெல்த்திலும் அந்த நாடு சேரவே இல்லை. உங்கள் பிள்ளைகளின் முதல் படத்தில் மியான்மருக்குப் பச்சை மேல் நீலமும் விழுந்திருக்க வேண்டுமே, கவனித்தீர்களா?

மறுபக்கம், பிரிட்டன் ஆளாத ருவாண்டாவில் ஆங்கிலம் ஆட்சிமொழிகளில் ஒன்று. பிலிப்பைன்ஸுக்கு ஆங்கிலம் போனது அமெரிக்கர் வழியாக, 1898-க்குப் பிறகு. நமீபியா 1990-இல் விடுதலை பெற்றபோது ஆங்கிலத்தை ஒரே ஆட்சிமொழியாக வைத்தது. வீட்டில் பேசுவோர் நூற்றுக்கு ஐந்து பேர் கூட இல்லை. இலங்கையில் சிங்களமும் தமிழும் ஆட்சிமொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தின் தாயகத்தில்தான் சட்டம் தேடினால் கிடைக்காது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் தேசிய அளவில் ஆங்கிலத்தை ஆட்சிமொழி என்று அறிவிக்கும் சட்டம் இல்லை, வழக்கத்தால் நடக்கிறது. அமெரிக்காவில் 2025 மார்ச் 1 அன்று அதிபர் ஆணை வந்தது, காங்கிரஸ் இயற்றிய சட்டம் அல்ல. ஆகவே அந்த வரிசைக்கு ‘சட்டப்படி’, ‘வழக்கப்படி’, ‘இணைநிலை’ என்று மூன்று குறி வையுங்கள். வட்டத்தின் விளிம்பிலேயே காட்டலாம்: தொடர்கோடு, புள்ளிக்கோடு, இரட்டைக்கோடு. அப்படிச் செய்தால் மேலே நைஜீரியாவுக்குச் சொன்ன புள்ளிக்கோட்டைச் சிறுகோடாக மாற்றிவிடுங்கள், குழம்பும்.

இந்தியா இரட்டைக்கோடு. அரசியலமைப்பின் 343-ஆவது பிரிவுப்படி ஆங்கிலம் 15 ஆண்டு, அதாவது 1965 ஜனவரி வரைதான். 1963 சட்டம் தொடர அனுமதித்தது. 1965-இல் தமிழ்நாட்டு மாணவர் போராட்டத்துக்குப் பிறகு வந்த 1967 திருத்தம் அதற்குப் பாதுகாப்புக் கொடுத்தது. டெல்லியில் தமிழ்ப் பிள்ளைகள் வைக்கும் படத்தில் இந்த வரி இல்லாமல் இருக்கலாமா?

மூன்று மொழியும் சந்திக்கும் ஓர் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். சிங்கப்பூரில் ஆங்கிலமும் தமிழும் நான்கு ஆட்சிமொழிகளில் இரண்டு. 2020 கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு. பர்மியக் கடைகள் நிறைந்த பெனின்சுலா பிளாசாவும் அங்கேதான்.

---

எழுத்துரு

அச்சுக்குப் போகும் முன் ஒரு விஷயம். பர்மிய எழுத்தில் ஊர்ப்பெயர் போடப் போகிறீர்கள் என்றால் இணையத்தில் கண்ட இடத்தில் நகல் எடுக்காதீர்கள். மியான்மரில் நெடுநாள் ஸவ்ஜி என்ற பழைய குறியாக்கம் ஓடியது. யூனிகோடுக்கு நாடு முறையாக மாறியது 2019 அக்டோபர் 1 அன்று. பழைய பக்கங்களில் இன்னும் ஸவ்ஜி கிடக்கிறது. யூனிகோடுக்கு முந்தைய நம் பாமினி எழுத்துருக் கதையேதான்: யூனிகோடில் ‘கே’ என்றால் ககரம் முதலில், கொம்பு பிறகு சேமிக்கப்படும், திரையில் கொம்பு முன்னே வரும். பர்மிய எழுத்திலும் ஏகாரக் குறி அப்படியே. ஸவ்ஜியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே குறி முதலில் இருக்கும். அதை யூனிகோடு எழுத்துருவில் திறந்தால் குறி தப்பான எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், அல்லது புள்ளிவட்டம் தெரியும். புள்ளிவட்டம் கண்டால் அந்தச் சொல்லை மாற்றுங்கள்.

எழுத்துருவுக்குப் படாவ்க், அல்லது நோட்டோ சான்ஸ் மியான்மர். இரண்டும் இலவசம்.

நேரு பிளேஸில் ஏ1 அச்சடிக்கக் கொடுத்தால் அவர்கள் கோப்பைத் தங்கள் மென்பொருளில் திறந்து சரிசெய்யப் பார்ப்பார்கள். அங்கே பர்மிய எழுத்துரு இருக்காது. தமிழும் சேர்ந்து சிதறும். கியூஜிஐஎஸ்-இல் பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றும் தேர்வு இருக்கிறது, அதை வைத்துவிடுங்கள். பிறகு ‘ஆக்சுவல் சைஸ்’ என்று சொல்லி அச்சடிக்கச் சொல்லுங்கள். ‘ஃபிட் டு பேஜ்’ என்றால் ஓரம் விட்டுச் சுருக்கிவிடும், 87 மி.மீ. வட்டம் 84 ஆகும், ஒரு கோடிக்கு 40 சதுர மி.மீ. என்று குறிவிளக்கத்தில் எழுதியது பொய்யாகும். கடையிலேயே ஸ்கேல் வைத்து அந்த வட்டத்தை அளந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

---

மயூர்விஹார்வாசி

கையால் வரையும் பிள்ளைகளுக்கு காம்பஸில் 3 மி.மீ. வளையம் வராதே?

---

எழுத்துரு

வராது. எழுதுபொருள் கடையில் வட்டத் துளைகள் உள்ள பிளாஸ்டிக் டெம்ப்ளேட் கேளுங்கள், சின்னத் துளைகளும் இருக்கும். 0.3 மி.மீ. பேனா போதும், ஸ்கெட்ச் பேனா வைத்தால் கோட்டின் தடிமனிலேயே வளையம் அடைந்துவிடும்.